பெரிய பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு, குரோம்பேட்டையிலிருந்து

எங்கள் வீடு குரோம்பேட்டையில். ஏர்போர்ட் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்திலிருந்து துபாய்க்கோ அமெரிக்காவுக்கோ கிளம்புகிற எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் முந்தின நாளே இங்கே வந்து இறங்கிவிடுவார்கள். திரும்பி வரும்போதும் இங்கே ஒரு ராத்திரி. அதனால் கடைசி நேரப் பேக்கிங், எடை பார்ப்பது, "இதை எடு, அதை வை" சண்டை, ஜிப் மூடவில்லை என்று ஒருத்தர் பெட்டிமேல் ஏறி உட்காருவது எல்லாமே எங்கள் ஹாலில்தான். போகும்போது பெட்டி எப்படி இருந்தது, ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து எந்த லட்சணத்தில் திரும்பி வந்தது என்று இரண்டையும் பார்க்கிற வாய்ப்பு விற்ற கடைக்காரருக்குக்கூடக் கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது. இப்போது குடும்பத்தில் யார் புதுப் பெட்டி வாங்கப் போனாலும் கடையில் நின்றுகொண்டே எனக்குப் போன் போடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரே தடவை எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

என் கட்சி சுருக்கமானது. பெட்டியின் கலரையும் வழவழப்பையும் பார்க்காதீர்கள், சக்கரம், ஜிப், கைப்பிடி மூன்றையும் குனிந்து பாருங்கள். கடையில் இருப்பதிலேயே பெரிய பெட்டியை வாங்காதீர்கள். அப்புறம், நம் சென்னையில் பெட்டியைக் கொல்வது விமானம் மட்டும் இல்லை, பரணும்தான். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் நம்புவதில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்பதும் கொஞ்சம் முக்கியம். எங்கள் அத்தைக்கு எல்லாமே பெட்டி. சித்தப்பாவுக்குச் சக்கரம் வைத்த துணிப் பைகூட சூட்கேஸ்தான். பாரிமுனைப் பக்கம் போய் "ஏர் பேக்" என்று கேட்டால் நீளவாட்டில் ஜிப் வைத்த, தோளில் மாட்டுகிற துணிப் பையை எடுத்துப் போடுவார்கள், அதையே மாலில் கேட்டால் "டஃபிளா சார்?" என்பார்கள், விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். "டிராலி" என்றால் சக்கரமும் இழுக்கிற ராடும் உள்ளது. அதிலும் கெட்டி ஓடு வேண்டுமா துணி வேண்டுமா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பளபளவென்று இருக்கிற ஓட்டுப் பெட்டிகளை மட்டும் வரிசையாக இறக்கிவிட்டு, துணிப் பெட்டியை உள்ளேயே வைத்துவிடுவார்கள். டிரங்குப் பெட்டி என்று கேட்டால் இன்றைக்கும் கிடைக்கிறது, ஆனால் அது பேக் கடையில் இல்லை, தகரச் சாமான் விற்கிற கடையில்.

சரி, அளவு. கடைக்காரர் அங்குலத்தில் பேசுவார், இருபது, இருபத்து நாலு, இருபத்தெட்டு என்று. விமானக் கம்பெனி சென்டிமீட்டரில் பேசும். பெரும்பாலான சர்வதேச விமானங்களில் செக்-இன் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் வரவேண்டும். சக்கரமும் கைப்பிடியும் அந்தக் கணக்கில் சேர்த்தி. 28 அங்குலப் பெட்டி அநேகமாக இந்த எல்லையை ஒட்டி நிற்கும், அதற்கு மேலே உள்ளது கடையில் இருக்கிறதே என்று எடுத்தால் கவுண்டரில் டேப் எடுத்தாலும் எடுப்பார்கள்.

ஆனால் உண்மையான பிரச்சினை அளவு இல்லை, எடை. அமெரிக்காவுக்கு வழக்கமாக ஒரு பெட்டிக்கு 23 கிலோ. பெரிய பெட்டி காலியாகவே நாலு, ஐந்து கிலோ இருக்கும். மிச்சம் இருப்பது பதினெட்டோ பத்தொன்பதோதான். நம் ஆட்கள் கொண்டு போவது என்ன, பஞ்சா? இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வத்தல், மாவடு, புளி, இரண்டு குக்கர், பட்டுப்புடவை. புடவையைத் தவிர மற்றதெல்லாம் கல் கனம். இருபத்தெட்டு அங்குலப் பெட்டியில் முக்கால்வாசி நிரம்பும்போதே 23 தாண்டிவிடும், மீதிக் கால்வாசி காலியாகக் கிடக்கும், அந்த இடத்தைப் பார்த்ததும் யாராவது ஒருத்தருக்குக் கை சும்மா இருக்காது, ஒரு முறுக்கு டப்பாவையாவது சொருகிவிடுவார்கள். 32 கிலோ என்று இன்னொரு எல்லை இருக்கிறது, அதைத் தாண்டினால் பணம் கட்டுகிறேன் என்றாலும் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள், தூக்குகிற தொழிலாளியின் முதுகு போய்விடும் என்பதற்காக வைத்த கணக்கு அது. உள்நாட்டில் பல டிக்கெட்டுக்கு 15 கிலோதான். அதனால் நான் சொல்வது, ஒரு ராட்சசப் பெட்டிக்குப் பதில் இருபத்து நாலு, இருபத்தாறு அங்குலத்தில் இரண்டு. துணிமணி கொண்டு போகிறவர்களுக்கு, குளிர்தேசத்துக்குக் கோட்டும் ஸ்வெட்டருமாகப் போகிறவர்களுக்குப் பெரியது சரி. பொடி டப்பா கோஷ்டிக்கு வேண்டாம்.

எடை பார்க்கத் தொங்கவிடுகிற டிஜிட்டல் தராசு மலிவாகவே கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஆள் ஏறி நிற்கிற மெஷின் போதும். முதலில் வெறும் ஆள் நிற்க வேண்டும், அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், கழித்தால் பெட்டி எடை. பெட்டியை நேராக மெஷின்மேல் நிறுத்தினால் எண் தெரியாது, சாய்ந்து சுவரைத் தொட்டால் எடை குறைத்துக் காட்டும். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை ஒருத்தர் அப்படித்தான் சுவரில் சாய்த்து நிறுத்தி, "பாருங்க மாமா, இருபத்து ரெண்டரைதான்" என்று சந்தோஷமாகக் கிளம்பினார். ஏர்போர்ட்டிலிருந்து போன் வந்தது. குக்கர் திரும்பி வந்தது.

எடை பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று சர்வதேச ஆபத்துப் பொருள் பட்டியலில் அதற்குத் தனி எண்ணே இருக்கிறது. பவர் பேங்க் செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது, கையோடு வைத்துக்கொள்வதில்தான். பேட்டரி வைத்த "ஸ்மார்ட்" பெட்டி வாங்கினால் பேட்டரி கழற்றக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள். ஊறுகாய் கேபினில் கொண்டு போனால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். துபாய் ஏர்போர்ட் 2017லிருந்தே உருண்டையான, கோணல்மாணலான மூட்டைகளை ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது, ஒரு பக்கமாவது தட்டையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உருண்டுபோய் பெல்ட் எந்திரத்தில் சிக்கிக்கொள்ளும். போர்வையில் சுற்றி நைலான் கயிற்றால் கட்டுகிற பழைய வழக்கம் அங்கே செல்லாது.

இப்போது சக்கரம். நாலு சக்கரமா, இரண்டு சக்கரமா? கடையில் மொசைக் தரையில் நாலு சக்கரப் பெட்டியை ஒரு விரலால் தள்ளிக் காட்டுவார்கள், யாருக்கும் ஆசை வரும். வெளியே வந்து ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக ஒரு நூறடி இழுத்துப் பாருங்கள். நாலு சக்கரம் என்பது பெட்டியின் அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, எல்லாப் பக்கமும் சுழல்கிற சின்ன உருளை. பெட்டி வீசப்படும்போது முதலில் அடி வாங்குவது அதுதான், மேடு பள்ளத்தில் மாட்டி முறிவதும் அதுதான். இரண்டு சக்கரப் பெட்டியில் சக்கரம் பெரிதாக, பாதி உள்ளே அடங்கி இருக்கும், சாய்த்து இழுக்க வேண்டும், கை கொஞ்சம் வலிக்கும், ஆனால் ஜல்லியும் மண்ணும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்று, நாலு சக்கரப் பெட்டி ரயிலிலும் பஸ்ஸிலும் சொன்ன பேச்சு கேட்காது. டிரைவர் பிரேக் போட்டால் பெட்டி தானாகக் கிளம்பி முன்னால் இருக்கிறவர் காலில் போய் இடிக்கும், மன்னிப்புக் கேட்பது நாம்.

இந்தச் சக்கர விஷயமே ரொம்பப் பழசு இல்லை. பெர்னார்ட் சாடோ என்கிற அமெரிக்கர், சூட்கேஸ் கம்பெனிக்காரர், 1970இல் குடும்பத்தோடு விடுமுறை முடிந்து வரும்போது, ஏர்போர்ட்டில் ஒரு தொழிலாளி கனமான எந்திரத்தைச் சக்கரப் பலகையில் வைத்து அலட்டிக்கொள்ளாமல் தள்ளிப் போவதைப் பார்த்தார். 1972இல் சக்கரம் வைத்த சூட்கேஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அது நாலு சக்கரம், வாரைப் பிடித்து இழுக்க வேண்டும், ஆடி ஆடிக் கவிழும். இப்போது நாம் இழுக்கிற மாதிரியைச் செய்தது ராபர்ட் பிளாத் என்ற விமானி, 1987இல், நிமிர்ந்த பெட்டி, இரண்டே சக்கரம், மேலே நீளும் ராடு. நாள் தவறாமல் பெட்டியோடு நடக்கிறவர் யோசித்துச் செய்தது இரண்டு சக்கரம் என்பதை நாலு சக்கரக் கட்சிக்காரர்களின் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.

வாங்கும்போது பெட்டியைக் கவிழ்த்துச் சக்கரம் எப்படிப் பொருத்தியிருக்கிறது என்று பாருங்கள். ஸ்குரூ தெரிந்தால் நல்லது, பின்னாளில் கழற்றி மாற்றலாம். ரிவிட் அடித்திருந்தால் ரிப்பேர்காரர் டிரில் போட வேண்டும். உள்ளே லைனிங் துணியில் ஜிப் வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், சக்கரத்தின் ஸ்குரூவைத் தொட வேண்டுமென்றால் அந்த வழியாகத்தான் கை போகும். லைனிங்கை ஒட்டியே விட்டிருந்தால் கிழிக்க வேண்டியதுதான்.

பரண் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெட்டி, நல்ல பெட்டி, ஓட்டில் கீறல்கூட அதிகம் இல்லை, எங்கள் பரணில் சில வருஷம் தூங்கியது. மைத்துனர் இரவல் கேட்டார், இறக்கித் துடைத்துக் கொடுத்தோம். தெருமுனை தாண்டுவதற்குள் சக்கரத்தின் மேலே இருந்த கறுப்புப் பட்டை ஊறிப்போன பிஸ்கட்டாக உதிர ஆரம்பித்துவிட்டது. நாலு சக்கரமும். ஸ்டேஷன் போவதற்குள் வெறும் பிளாஸ்டிக் வளையம்தான் தார் ரோட்டில் கடகடவென்று உருண்டது. வந்த வழியெல்லாம் கறுப்புத் தூள். அதே பெட்டியின் உள்ளே லைனிங் பூச்சு வெள்ளைச் சிராய்களாக உரிந்து அவருடைய கறுப்புப் பேன்ட்டில் ஒட்டிக்கொண்டது தனிக் கதை.

யாரும் அதை உடைக்கவில்லை. நிறைய சக்கரங்களின் மேல் பட்டையும், துணிப் பைகளின் உள்பூச்சும், பல போலித் தோல் பைகளும் பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்வது. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறு இணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். சூடு கூடினால் வேகமும் கூடும். சென்னையில் இரண்டுக்கும் குறைவில்லை, அதிலும் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற பரணில் கேட்கவே வேண்டாம். பயன்படுத்தாமல் வைத்திருந்தால் தேயாது என்று நினைக்கிறோம், இந்தப் பொருள் அப்படி இல்லை, சும்மா கிடந்தாலும் காலம் வந்தால் போய்விடும். "ஒரு தடவைதான் யூஸ் பண்ணினேன், புதுசு மாதிரி இருக்கு" என்று யாராவது பழைய பெட்டியை விற்க வந்தால் சக்கரத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தோ பிசுபிசுத்தோ இருந்தால், வேண்டாம்.

அதனால் பெட்டியைப் பரணில் ஏற்றும் முன் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் ஒரு நாள் திறந்து காயவைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். சமையலறைப் பரண் ஆகவே ஆகாது, ஆவியும் எண்ணெய்ப் புகையும் நேராக அங்கேதான் போகும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒரு தடவை இறக்கி வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் உருட்டுங்கள். சின்னப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைப்பது இடத்துக்கு நல்லதுதான், ஆனால் ரெக்சின் பையைத் துணிப் பையோடு ஒட்டி வைக்காதீர்கள், வெயிலில் ரெக்சின் இளகி ஒட்டிக்கொள்ளும்.

பரணில் வைக்க உண்மையில் பிறந்தது டிரங்குப் பெட்டி. எங்கள் பாட்டியின் பச்சைத் தகர டிரங்கு, மூடியில் பூப்போட்டது, இன்னும் மேலே இருக்கிறது, அதில்தான் கொலு பொம்மைகள் செய்தித்தாளில் சுற்றித் தூங்குகின்றன. எலி கடிக்காது, கரப்பான் எளிதில் நுழையாது. ஓரத்தில் துரு கண்டால் தேய்த்து ஒரு கை பெயின்ட், முடிந்தது. பயணத்துக்கு அதை யாரும் எடுத்துப் போகப் போவதில்லை, எடுத்துப் போகச் சொல்லவும் மாட்டேன்.

கெட்டி ஓடா, துணியா? ஓட்டில் மூன்று வகைப் பிளாஸ்டிக் அதிகம். ஏ.பி.எஸ். விலை குறைவு, கெட்டியாகத் தெரியும், ஆனால் மூலையில் பலமாக அடி பட்டால் வெடித்துவிடும். பாலிகார்பனேட் வளைந்து கொடுத்துத் திரும்பி வரும். பாலிப்ரொப்பிலீன் இன்னும் லேசானது, சாப்பாட்டு டப்பா செய்கிற அதே பிளாஸ்டிக், இதுவும் வளையும். கடையில் பெட்டியின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள், அமுங்கி உடனே எழும்பினால் நல்லது. அமுங்கவே இல்லை என்று சந்தோஷப்படாதீர்கள். அமுங்காதது தான் உடையும். ஓட்டுப் பெட்டியில் யாரும் சொல்லாத ஒரு தொந்தரவு இருக்கிறது. நடுவில் இரண்டாகப் பிளந்து புத்தகம் போலத் திறப்பதால் தரையில் இரட்டை இடம் வேண்டும். சின்ன லாட்ஜ் ரூமில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அதை விரிக்க முடியாது. துணிப் பெட்டிக்கு ஒரே மூடி, வெளியே பாக்கெட், கடைசி நிமிஷத்தில் பாஸ்போர்ட் நகலைச் சொருக வசதி.

துணியில் டெனியர் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. 600 டெனியர் என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூல் 600 கிராம். எண் கூடினால் நூல் தடிமன். ஆனால் பாலியஸ்டரில் 600ம் நைலானில் 600ம் ஒன்றில்லை, நைலான் உரசலை அதிகம் தாங்கும். எண்ணை மட்டும் பார்த்து மயங்காமல் தையலைப் பாருங்கள். தோள் நாடா பையோடு சேருகிற இடத்தில் சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி போல் தைத்திருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் முதலில் பிய்வது அங்கேதான். நாடா பையின் அடி வழியாகச் சுற்றி வந்து மறுபக்கம் ஏறினால் இன்னும் நல்லது, எடை முழுக்கத் துணிமேல் விழாது.

ஜிப்புக்கு நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் எங்கள் ஹாலில் அதிகம் அழ வைத்தது அதுதான். ஜிப்புக்கு நம்பர் உண்டு, 5, 8, 10 என்று, மூடிய பல்வரிசை ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் அகலம். பெரிய பெட்டிக்கு 8 அல்லது 10. ரன்னரின், அதாவது பல்வரிசைமேல் ஓடுகிற இழுவையின், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பல சமயம் எண் பொறித்திருக்கும். ஒய்.கே.கே. என்று போட்டிருந்தால் 1934இல் டோக்கியோவில் தொடங்கிய ஜப்பான் கம்பெனியின் ஜிப், நம்பலாம், ஆனால் அந்த எழுத்தைப் போலியாகப் பொறிப்பதும் உண்டு. தனித்தனிப் பல்லுக்குப் பதில் பிளாஸ்டிக் சுருள் வைத்த ஜிப்பில் பால்பாயின்ட் பேனா முனையைக் குத்தினாலே பிளந்துவிடும், அப்புறம் ரன்னரை ஒரு தடவை மேலும் கீழும் இழுத்தால் பழையபடி மூடிக்கொள்ளும், திறந்த சுவடே தெரியாது. பூட்டுப் போட்டிருந்தாலும் இதே கதிதான். இரட்டை அடுக்குச் சுருள் வைத்த ஜிப் சில பெட்டிகளில் வருகிறது, அது குத்தைக் கொஞ்சம் தாங்கும். எப்படியானாலும் நகையும் பணமும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

அமெரிக்கப் பெட்டிப் பூட்டு, சிவப்பு வைரக் குறி போட்டது, 2003இல் வந்தது. அங்கே சோதனை அதிகாரிகளிடம் பொதுச் சாவி இருக்கும், உடைக்காமல் திறப்பார்கள். 2015இல் அந்தச் சாவிகளின் அச்சு இணையத்தில் வெளியாகிவிட்டது, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அமெரிக்கா போகிறவர்கள் பூட்டை உடைத்துவிடக் கூடாதே என்பதற்காகப் போடலாம், திருடனுக்காக அல்ல.

ஜிப் பிளந்துவிட்டால் பெட்டியே போயிற்று என்று குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் குடை, பேக் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருத்தர் இருக்கிறார். அத்தையின் துணிப் பெட்டியை அவரிடம் கொண்டு போனபோது ரன்னரை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஜிப்பு நல்லாத்தாம்மா இருக்கு, ரன்னர்தான் வாய் பிளந்துடுச்சு" என்றார். ஜிப்பின் ஒரு முனையில் இருந்த தையலை மட்டும் பிளேடால் பிரித்தார், தேய்ந்த ரன்னரை உருவினார், டப்பாவில் கைவிட்டுத் துழாவி நம்பர் பார்த்து இன்னொன்றை எடுத்து இரண்டு பக்கப் பல்லையும் ஒரே சமத்தில் நுழைத்து இழுத்தார், முனையை மெழுகு தடவிய நூலால் நாலு குத்துக் குத்தி முடிச்சுப் போட்டார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. கூலி, ஒரு ஆட்டோவுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. புது ஜிப்பே போட வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் ரன்னரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே என்றால், ரன்னரின் இரண்டு ஓரத்தையும் குறடால் மெதுவாக, மிக மெதுவாக, அழுத்தினால் சில நாள் ஓடும், ஊருக்குப் போய்ச் சேர அது போதும். இறுக்கமாக ஓடினால் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அழுக்குப் பிடிக்கும், துணியிலும் இறங்கும்.

இழுக்கிற ராடு பற்றி ஒன்றே ஒன்று. அது இழுக்கத்தான், தூக்க அல்ல. எழும்பூரிலோ தாம்பரத்திலோ மேம்பாலப் படி ஏறும்போது ராடைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கினால், முழு எடையும் இரண்டு மெல்லிய குழாயில் விழும், லேசாக வளைந்தாலும் பிறகு உள்ளே இறங்காது. பக்கவாட்டுக் கைப்பிடியில் தூக்குங்கள். அதனால் வாங்கும்போதே மேலேயும் பக்கத்திலேயும் கைப்பிடி உள்ளதாக, முடிந்தால் அடியிலும் ஒரு பிடி உள்ளதாகப் பாருங்கள். வயதானவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கலாம்.

ரயிலுக்கு நான் துணி ஏர் பேக் கட்சி. ஊர்ப் பக்கம் போகிற பல ரயில்கள் தாம்பரத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான், கோச்சைத் தேடி ஓடும்போது இருபத்தெட்டு அங்குலப் பெட்டியோடு படியில் ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ரயில்வே கணக்குப்படி இலவசமாகக் கொண்டு போகிற எடை ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏ.சி.க்கும் 40 கிலோ, இரண்டடுக்கு ஏ.சி.க்கு 50, முதல் வகுப்பு ஏ.சி.க்கு 70, இரண்டாம் வகுப்புக்கு 35. பெட்டி அளவு பொதுவாக 100க்கு 60க்கு 25 செ.மீ., ஆனால் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஏ.சி. சேர் காரிலும் 55க்கு 45க்கு 22.5 செ.மீ. தான். விதிப்படி பார்த்தால் அமெரிக்கப் பெட்டி எதுவும் மூன்றடுக்கு ஏ.சி.க்குள் ஏற முடியாது, நடைமுறையில் எல்லாரும் ஏற்றுகிறார்கள், சீட்டுக்கு அடியில் போகாமல் நடைவழியில் நிற்கவைத்துவிட்டு ராத்திரி முழுக்க வருகிறவர் போகிறவரிடம் திட்டு வாங்குகிறார்கள். துணிப் பை அமுங்கி உள்ளே போய்விடும். கீழ் பெர்த்தின் அடியில் வளையம் இருக்கும், செயினைப் பை வாரில் கோக்காமல் அடி நாடாவில் கோத்துப் பூட்டுங்கள்.

துணிப் பைக்கு வேறொரு சமயத்திலும் மதிப்பு உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் தரைத் தளத்துக்காரர்கள் மாடிக்கு ஏறினபோது முழங்கால் தண்ணீரில் சக்கரப் பெட்டியை இழுக்க முடியாமல் தலையில் சுமந்தார்கள். தோளில் மாட்டுகிற பை வைத்திருந்தவர்கள் ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பத்திரம், சர்டிபிகேட் எல்லாம் தடித்த பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒரு ஏர் பேக்கில் இன்றைக்கும் தனியாக வைத்திருக்கிறோம். சாதாரண மழைக்கும் இதே வழிதான். துணிப் பெட்டி நனையாது என்று கடையில் சொன்னாலும் ஜிப் வழியாகவும் தையல் துளை வழியாகவும் தண்ணீர் இறங்கும், ஓட்டுப் பெட்டியிலும் ஜிப் ஓரம் அப்படியே. உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர் விரித்து அதற்குள் துணியை அடுக்கிவிட்டால் கவலை இல்லை.

எங்கே வாங்குவது என்றால், ஈவினிங் பஜார், பாரிமுனை, ரங்கநாதன் தெரு எல்லாவற்றிலும் கிடைக்கும், பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். பெரியமேட்டுப் பக்கம் தோல், ரெக்சின், ஜிப், பக்கிள் என்று பை செய்கிற சாமான் விற்கிறார்கள், பழைய நல்ல பைக்கு உதிரி தேடுகிறவர்களுக்கு அது தோது. பெயர் பெற்ற கம்பெனிப் பெட்டி என்றால் வாரன்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாரன்டி பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்குத்தான், விமானத்தில் அடிபட்டதற்கு அல்ல.

அதற்கு விமானக் கம்பெனியைத்தான் பிடிக்க வேண்டும், பிடிக்க வேண்டிய இடம் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்டி வந்ததும் ஓரமாகத் தள்ளி, நாலு மூலை, சக்கரம், ராடு பாருங்கள். உடைந்திருந்தால் வெளியே வராமல் அங்கேயே கவுண்டரில் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள், போர்டிங் பாஸையும் பெட்டியில் ஒட்டிய டேக்கையும் கிழிக்காதீர்கள். சர்வதேசப் பயணத்தில் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்குக் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். ஒரு விமானத்தில் வந்த எங்கள் தம்பி மூலை பிளந்த பெட்டியோடு நேராக வீட்டுக்கு வந்து, நாலு நாள் கழித்து மெயில் அனுப்பினான். நாள் கணக்கில் அது சரிதான், ஆனால் "ஏர்போர்ட்டை விட்டு வந்த பிறகு உடைந்திருக்கலாமே" என்று அவர்கள் பதில் போட்டார்கள். கிளம்பும் முன் எங்கள் ஹாலில் தராசோடு சேர்த்து எடுத்த போட்டோ ஒன்று இருந்தது, மூலை முழுசாகத் தெரிந்தது, கூடவே டாக்ஸியில் ஏற்றும் முன் ஏர்போர்ட் வாசலில் அவன் சும்மா எடுத்த செல்ஃபியில் பிளந்த மூலையும் விழுந்திருந்தது. இரண்டையும் அனுப்பிய பிறகுதான் ஒரு தொகை கொடுத்தார்கள். பெட்டி விலையில் பாதிகூட இல்லை. இப்போது எடை பார்த்ததும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுத்தான் பெட்டியை வாசலுக்கு விடுகிறோம்.